ஐந்து பொருத்தமும் சரியாக இருந்த டிஸ்க்

போன வாரம் பிரேமா போன் பண்ணினாள். கள்ளக்குறிச்சியில் நான் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்த லேப்டாப் சர்வீஸ் கடையில், நான் எழுந்து வந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். சின்ன ஸ்குரூ கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகு வேலையை விட்டேன். ஒரு வருஷம் ஆகிறது. அதற்குள் நூறு தடவையாவது கூப்பிட்டிருப்பாள். "யக்கா, இந்த லேப்டாப்புக்கு எந்த எஸ்.எஸ்.டி செட் ஆவும்?" என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. இந்த முறை கேள்வி இல்லை, பெருமை.

"யக்கா, இனிமே உன்ன தொல்ல பண்ண மாட்டேன். மாடல் நம்பர போட்டா போதும், எந்த டிஸ்க்கு பொருந்தும்னு நெட்டுலயே பச்ச டிக்கு வந்துடுது."

"டிக்கு வந்தா?"

"வந்தா இன்னா? வாங்கி சொருவிட்டு, பழச தூக்கி கடாச வேண்டியதுதான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பழச கடாசாதடி!" என்று போனிலேயே கத்திவிட்டேன். பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் பயந்து எழுந்துவிட்டார். ஏன் கத்தினேன் என்று அவளுக்குப் போனில் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அவளும் படிக்கட்டும், பச்சை டிக்கை நம்புகிற மற்றவர்களும் படிக்கட்டும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே தற்செயல். டைப்பிங் முடித்துவிட்டு, கல்யாணப் பத்திரிகை அடிக்க ஆள் வேண்டும் என்றதால் அன்வர் பாய் கடையில் சேர்ந்தேன். ஒருநாள் கீபோர்டில் டீயைக் கொட்டிவிட்டேன். திட்டு விழுமே என்று நானே கழற்றி, துடைத்து, காயவைத்து மாட்டிவிட்டேன். பாய் பார்த்துவிட்டார். மறுநாள் என் மேசை மேல் ஒரு ஸ்குரூடிரைவர் செட் இருந்தது. என் படிப்பு அவ்வளவுதான்.

பாய் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். துடைக்கும் நேரம் நீள நீள நமக்கு உதறல் எடுக்கும். வேலையில் தப்பு செய்துவிட்டால், அவர் வாடிக்கையாளரிடம் போய்ப் பூசி மெழுக மாட்டார். செய்தவரைத்தான் கூப்பிடுவார். "தப்பு பண்ண வாயாலதான் சொல்லணும் கலாம்மா. நான் சொன்னா அது யாவாரம். நீ சொன்னாதான் அது நேர்மை" என்பார். இருபத்தாறு வருஷத்தில் அப்படி ஏழெட்டு பேர் முன்னால் நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறேன்.

டிஸ்க் விஷயத்தில் முதல் தடவை நின்றது ரிஷிவந்தியத்து டீச்சர் ஒருவர் முன்னால். அப்போதுதான் லேப்டாப்பில் சுழலுகிற ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி போடுகிற காலம் வந்திருந்தது. ஆமையாக நகர்ந்த மெஷின் எல்லாம் முயலாக ஓடியது. ஊரே வந்தது. டீச்சருடைய லேப்டாப்பைத் திறந்தால் உள்ளே எம்.டூ பள்ளம் இருந்தது. எம்.டூ என்றால் ஒரு விரல் அகலக் குச்சி மாதிரி இருக்கிற எஸ்.எஸ்.டி. புதிதாக வந்திருந்த வேகமான என்.வி.எம்.இ குச்சியை எடுத்தேன். பல்லும் பள்ளமும் ஒட்டின, நீளம் ஒட்டியது, ஸ்குரூவும் ஏறியது. ஆன் பண்ணினால் டிஸ்கே இல்லை என்கிறது மெஷின். கழற்றி மாட்டினேன், மறுபடி கழற்றி மாட்டினேன். மூன்றாம் தடவை தலை நிமிர்ந்தபோது பாய் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த பள்ளத்துக்கு சாட்டா மட்டும்தான் தெரியும். நீ சொருவனது என்.வி.எம்.இ. சொருவுதுன்னா பொருந்துதுன்னு அர்த்தமா? தமிழ் பள்ளிக்கூடத்துல போயி நீ உருதுல பாடம் எடுத்தா, பெஞ்சுல எடம் இருக்கும், புரிய எவனும் இருக்க மாட்டான்."

டீச்சரிடம் நானே சொன்னேன். அவர் சிரித்துவிட்டார், நான் அழுதுவிட்டேன்.

அன்று சாயந்தரம் பாய் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதி எனக்குக் கொடுத்தார். "உங்காளுங்க கல்யாணத்துக்கு பத்து பொருத்தம் பாக்கறீங்க. டிஸ்குக்கு அஞ்சு போதும். ஆனா அஞ்சுல ஒண்ணு கம்மி ஆனாலும் கல்யாணம் கெடையாது." முதலில் இடம்: உள்ளே இருப்பது பெட்டி மாதிரி டிஸ்க் உட்காருகிற தட்டா, குச்சி போடுகிற பள்ளமா. அப்புறம் வழி: தகவல் போய்வருகிற பாதை சாட்டாவா, என்.வி.எம்.இயா. அப்புறம் அளவு: குச்சி என்றால் நீளம், பெட்டி என்றால் தடிமன். அப்புறம் வயசு: பழைய மெஷின் புது டிஸ்கைக் கண்டுகொள்ளுமா, அதன் பயாஸ், ஆன் பண்ணியதும் முதலில் விழிக்கிற புரோகிராம், எந்தக் காலத்தது. கடைசியாகத் தேவை: உள்ளே எவ்வளவு இருக்கிறது, இன்னும் எவ்வளவு வரும். லேப்டாப் அடியில் ஒட்டியிருக்கிற மாடல் நம்பரைப் பார்த்து இதில் ஒன்றைக்கூட முடிவு பண்ணக்கூடாது என்பது பாய் சட்டம். ஒரே நம்பர் போட்ட இரண்டு மெஷின் உள்ளே வேறு வேறாக இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். திற, கண்ணால் பார், பிறகு பேசு.

கடைக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. அது பிறந்த நாளையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மத்தியானம் வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். லேப்டாப் எதுவும் கொண்டுவரவில்லை. அவர் ஊரில் ஏதோ ஒரு கடையில் மகளுடைய லேப்டாப்பைச் சரி பண்ணக் கொடுத்திருக்கிறார்கள். அதிலிருந்த படங்களை எவனோ எடுத்து ஊர் முழுக்கப் போனில் அனுப்பிவிட்டான். கல்யாணம் நின்றுவிட்டது. "எல்லார் போன்ல இருந்தும் அழிக்கறதுக்கு எதுனா மிஷினு இருக்குதாங்க பாய்?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல பாய்க்கு எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? அந்த மனிதர் போன பிறகு பாய் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். இனி யார் வீட்டுப் படமும் நம் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு நிமிஷம்கூட இருக்கக்கூடாது. பழைய டிஸ்கிலிருந்து புதுசுக்கு நேராக ஒயர் போட்டுக் காப்பி. முடிந்ததும் அன்றைக்கே, வாடிக்கையாளர் கண் முன்னால், பழைய டிஸ்கில் டிரில் போட்டு ஓட்டை. ஓட்டை போட்டதை அவர் கையிலேயே கொடுத்து அனுப்ப வேண்டும்.

அந்த ஓட்டைதான் எங்கள் கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. நர்சுகள், டீச்சர்கள், காலேஜ் பெண்கள் எல்லோரும் எங்களைத் தேடி வந்தார்கள். டிரில்லை எடுத்துச் சொருகும்போது எனக்கு ஒரு மிதப்பு இருக்கும். மானத்தைக் காப்பாற்றுகிற வேலை என்று நினைத்துக்கொள்வேன். அந்த மிதப்பு என்ன ஆனது என்பது போகப் போகத் தெரியும்.

அண்ணாமலை அண்ணன் எங்கள் கடைக்குப் பல வருஷப் பழக்கம். கல்வராயன் மலையில், கரியாலூருக்கு மேலே கொஞ்சதூரம் நடந்து போகிற ஒரு சிற்றூர்க்காரர். கொஞ்சம் சாமை, கொஞ்சம் மரவள்ளி, மற்றபடி ஒரு கேமரா. அந்தப் பக்கத்து ஊர்களில் கல்யாணம், காதுகுத்து, சாவு எதுவானாலும் அவர்தான் படம் எடுப்பார். ரேஷன் கார்டுக்கு, பரீட்சைக்கு ஒட்டுகிற படமும் அவர்தான். போனில் எடுத்த படம் போனோடு தொலைந்துவிடும். அண்ணாமலையிடம் எடுத்தால் எப்போது போய்க் கேட்டாலும் கிடைக்கும் என்பது மலைக்காரர்களின் நம்பிக்கை. பதினைந்து வருஷத்துப் படங்கள், ஊர் பேர், குடும்பப் பேர் போட்டு ஃபோல்டர் ஃபோல்டராக வைத்திருந்தார். எல்லாம் அவர் லேப்டாப்பில் இருந்த ஒரு பெரிய ஹார்டு டிஸ்கில்.

அன்று அவர் வந்தபோது அந்த டிஸ்க் டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. இந்தத் தொழிலில் அந்தச் சத்தம் கேட்டால் இழுத்துக்கொண்டு கிடக்கிறது என்று அர்த்தம். பாய், மகளுடைய பிரசவத்துக்காக விழுப்புரம் போயிருந்தார். கடையில் நான்தான் பெரிய ஆள்.

அண்ணன் பையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தார். உள்ளே புத்தம் புது எஸ்.எஸ்.டி. பெட்டி மாதிரி இருக்கிற சாட்டா வகை, இரண்டு டி.பி. பெங்களூரில் வேலை பார்க்கிற மச்சான் நெட்டில் வாங்கி அனுப்பினானாம். கம்பெனி பேரை நான் கேள்விப்பட்டதில்லை.

"நாங்க எங்க டீலர்கிட்ட வாங்கறத மட்டும்தாண்ணே போடுவோம்" என்றேன்.

"அது வெல ஜாஸ்தியாச்சே தங்கச்சி. பாய் இருந்தா வேணாம்பாரு. உனுக்கு தெரியாததா? நீ பாத்து சொல்லு, செட் ஆவுமா ஆவாதா?"

உனக்குத் தெரியாததா என்று ஒரு வார்த்தை. முகத்துதிக்கு மயங்காதவர் யார்? லேப்டாப்பைத் திறந்தேன். தட்டு இருக்கிறது. சாட்டா வழி இருக்கிறது. தடிமன் ஏழு மில்லிமீட்டர், அளவுகோல் வைத்துப் பார்த்தேன், இம்மி பிசகவில்லை. பயாஸ் கண்டுகொண்டது. திரையில் இரண்டு டி.பி. என்று முழுசாகக் காட்டியது, அவர் படங்களுக்குத் தாராளம். கையில் வாங்கினால் நல்ல கனமும் இருந்தது. ஐந்து பொருத்தமும் சரி. இப்போது பிரேமா சொல்கிற பச்சை டிக் அன்றைக்கு என் தலைக்குள்ளேயே விழுந்தது.

ஒயரைப் போட்டேன். பழைய டிஸ்க் எந்த நிமிஷமும் சாகலாம் என்பதால் முக்கியமானதை முதலில் எடுத்துவிட வேண்டும். "அண்ணே, உங்க வூட்டுப் படம் எந்த ஃபோல்டர்ல இருக்குது? அத மொதல்ல எடுத்துர்லாம்" என்றேன். அவர் மனைவி செல்வி அண்ணி இறந்து அப்போது இரண்டு வருஷம்.

அவர் தலையை ஆட்டினார். "ஊருதுதான் மொதல்ல. எங்கூட்டுது கடசில போடு. மிச்சம் இருந்தா வரட்டும்."

"அண்ணே, டிஸ்க்கு நடுவுல நின்னுடுச்சின்னா?"

"நின்னா நிக்கட்டும். ஊர்க்காரன் என்ன நம்பி குடுத்தது தங்கச்சி."

அவர் சொன்ன வரிசையில்தான் காப்பி போட்டேன். இரண்டு நாள் ஓடியது. அண்ணன் ராத்திரி பக்கத்துக் கருணாபுரத்தில் தெரிந்தவர் வீட்டில் படுத்துக்கொண்டு, காலையில் கடை திறக்கும்போதே வந்து எதிரில் உட்கார்ந்துவிடுவார். ஒரு எஸ்.எஸ்.டிக்கு இவ்வளவு நேரம் ஆகாது. பழசு மூச்சு வாங்குகிறது, அதனால்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் சாயந்தரம் காப்பி முடிந்தது. ஃபோல்டர் எண்ணிக்கை சரி, மொத்த அளவு சரி. முதலில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று படம் திறந்து பார்க்க வேண்டும் என்பது பாய் பழக்கிய முறை. திரையில் அப்போது திறந்திருந்தது கடைசி ஃபோல்டர், அவர் வீட்டுடையது. ஒன்றைத் தட்டினேன். செல்வி அண்ணி களத்துமேட்டில் முறத்தோடு நின்று, எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கிற படம். பளிச்சென்று திறந்தது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை மூடிவிட்டு அடுத்த படத்துக்குப் போக எனக்குக் கை வரவில்லை. கரியாலூர் பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. போதும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு வழக்கம்போல டிரில்லை எடுத்தேன். பழைய டிஸ்கில் மூன்று ஓட்டை. அண்ணன் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "கை ராசியான கடை" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார்.

அதற்குப் பிறகு மலையில் மழை மாதம். விசேஷம் எதுவும் இல்லை, அவர் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. ஒன்றரை மாதம் கழித்து ஒரு காலை கடை திறந்தபோது வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் ஊரில் பெரியதம்பி என்பவர் இறந்துபோய், அவர் மகன் முருகேசன் கருமாதிக்கு ஃபிரேம் போட்டு வைக்க அப்பா படம் கேட்டு வந்திருக்கிறான். இவர் ஃபோல்டரைத் திறந்திருக்கிறார்.

"தங்கச்சி, பேரு எல்லாம் இருக்குது. ஆளு ஒருத்தரும் இல்ல" என்றார்.

வாங்கித் திறந்தேன். பெரியதம்பி குடும்பம் என்ற பேர் இருந்தது. உள்ளே நாற்பது படத்தின் பேர் இருந்தது. தட்டினால் சாம்பல் நிறக் கட்டம். அடுத்த குடும்பம், சாம்பல். அடுத்த ஊர், சாம்பல். அப்போது பாய் திரும்பி வந்திருந்தார். எழுந்து வந்து என் பின்னால் நின்றார். நான் தட்டத் தட்ட எல்லாம் சாம்பல்.

"டிஸ்க்க கழட்டு" என்றார்.

கழற்றினேன். "அதையும் தொற" என்றார். புது டிஸ்கின் இரும்புக் கூட்டை யாரும் திறக்க மாட்டார்கள். நெம்பித் திறந்தேன். உள்ளே விரல் அகலத்தில் ஒரு இரும்புப் பட்டை, வெள்ளைப் பசை போட்டு ஒட்டியிருந்தது. கனத்துக்காக. பக்கத்தில் ஒரு துண்டு சர்க்யூட். அதன் மேல் பழைய போன்களில் போடுவோமே, நகம் அளவு மெமரி கார்டு, அது ஒன்று. அவ்வளவுதான் இரண்டு டி.பி.!

இருபது வருஷத்துக்கு மேலாக மெஷின்களைத் திறந்தவள் நான். எலிக்குஞ்சு பார்த்திருக்கிறேன், கரப்பான் குடும்பம் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு வயிற்றெரிச்சலைப் பார்த்ததில்லை.

பாய் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சின்னக் கார்டில் உண்மையாக இருந்த இடம் எட்டு ஜி.பி. ஆனால் கேட்கிறவர்களிடம் இரண்டு டி.பி. என்று பொய் சொல்லும்படி செய்திருந்தார்கள். இடம் தீர்ந்ததும் அது நின்றிருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன். நிற்காது. எழுதியதன் மேலேயே திரும்பத் திரும்ப எழுதும். பேர்ப் பட்டியலை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளும். அதனால் கடைசியாக எழுதியது மட்டும்தான் மிஞ்சும்.

கடைசியாக எழுதியது எது என்று எனக்குச் சட்டென்று உறைத்தது. அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கார்டைப் பசையிலிருந்து பிய்த்து, ரீடரில் போட்டு, மீட்கிற சாஃப்ட்வேரை ஓட்டினேன். ஊர்ப் படங்களில் வந்தது அரைகுறை. ஒன்றில் ஒரு தோளும் மாலையும், ஒன்றில் பந்தல் மட்டும். முகம் ஒன்றுகூட இல்லை. அவர் வீட்டு ஃபோல்டர் மட்டும் முழுசாக வந்தது. கடைக் கம்ப்யூட்டரில் வைக்கக்கூடாது என்ற பழக்கம் இவ்வளவு பட்ட பிறகும் கையை விடவில்லை. மீட்டதை எல்லாம் நேராக அவர் பையிலிருந்த கேமராவின் கார்டிலேயே இறக்கினேன். புது டிஸ்க் வந்ததும் இன்னொரு காப்பி போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணம். இன்னும் ஏதாவது தேறுமா என்று போலி டிஸ்கின் கார்டை இரண்டாம் முறை சொருகியபோது அது செத்துப்போயிருந்தது.

"எங்கூட்டுது மட்டுமா?" என்று அண்ணன் கேட்டார். ஆமாம் என்றேன். கேமரா கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓட்ட போடற சட்டம் நான் போட்டது" என்றார் பாய், தனக்குத் தானே சொல்வது போல. "ஒருத்தர் மானத்துக்கு பயந்து போட்டேன். இப்ப ஒரு மலையவே அழிச்சிட்டேன்." பிறகு எழுந்தார். "அவர தனியா அனுப்பக்கூடாது கலாம்மா. நாமளும் போவணும். நீதான் சொல்லணும்."

முழங்கால் வலியோடு பாய், நான், அண்ணன் மூன்று பேரும் மறுநாள் காலை பஸ் ஏறினோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, வளைவு வளைவாக ஏறிக் கரியாலூரில் இறங்கினோம். அங்கிருந்து நடை.

அவருடைய ஸ்டூடியோ என்பது ஒரே அறை, சுவரில் நீலத் துணி. அதன் வாசலில் ஊர் கூடிவிட்டது. முருகேசன் மொட்டைத் தலையோடு முன்னால் நின்றான். நான் சொன்னேன். டிஸ்க் போலி, அதைக் கண்டுபிடிக்காமல் போட்டது நான், மூன்று படம் திறந்து பார்க்க வேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் பார்த்தது நான், பழசில் ஓட்டை போட்டதும் நான். அவர்களுக்கு டிஸ்க் என்ன என்பது புரிந்ததோ இல்லையோ, போய்விட்டது என்பது புரிந்தது.

பிறகு ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள்.

"எங்கொயந்தைக்கு மொட்ட அடிச்சமே, அந்த படம்?"

"போச்சுங்க."

"எந்தம்பி ஆந்திராவுக்கு வேலைக்குப் போவறதுக்கு முன்ன எடுத்தது? அவன் அப்புறம் வரவே இல்லைம்மா."

"போச்சுங்க."

"எங்க கல்யாணம்?"

"போச்சுங்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், நான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்போது முருகேசன் என்னை விட்டுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினான்.

"மாமா, உன் வூட்டுது?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"எல்லாம் போச்சுடா" என்றார் அண்ணன்.

நான் ஆடிப்போய்விட்டேன். பாயைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முருகேசனுடைய முகம் அப்படியே தளர்ந்தது. "அத்தையோடதுமா?" என்றான். அண்ணன் தலையை ஆட்டினார். அதோடு ஊருடைய கோபம் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு பெண் உள்ளே போய் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நான் அண்ணனை நீலத் துணிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். "அண்ணே, கார்டு உங்க பையிலதான இருக்குது? ஏன் இல்லன்னு சொன்னீங்க?"

"ஊருதெல்லாம் போயி என்து மட்டும் இருந்தா, எவன் நம்புவான் தங்கச்சி? ஊருதுதான் மொதல்ல எடுக்கச் சொன்னேன்னு யார்கிட்ட போயி சொல்லிக்கினு இருப்பேன்?"

"நான் சொல்றேண்ணே. இப்பவே சொல்றேன்."

"நீ சொல்லுவ. சொல்லிட்டு பஸ் ஏறி போயிடுவ. நான் இங்கதான கேமரா தூக்கினு திரியணும்?" சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்தார். "அதுவும் இல்லாம, இல்லன்னு சொல்லிட்டேன். சொன்னது பொய்யாவக்கூடாது."

கேமராவில் கார்டைப் போட்டார். அவர் விரல் எந்தப் பட்டனுக்குப் போகிறது என்று நான் புரிந்துகொள்வதற்குள் எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேமரா கேட்டது. அவர் அழுத்திவிட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேற்று ஆண் கை என்றுகூடத் தோன்றவில்லை.

"அண்ணே, அப்டியே வெச்சிடுங்க, உங்க கால்ல வுழறேன். இன்னும் போவல. அதும்மேல வேற படம் எடுக்காத வரைக்கும் நான் திருப்பி எடுத்துடுவேன். ஒரு படம்கூட எடுக்காதீங்க."

காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத்தான் சொன்னேன். தொழில் தெரிந்த வாய் சும்மா இருக்குமா? அவர் என்னைப் பார்த்தார்.

"மேல எடுத்தா போயிடும். அவ்ளோதான?"

என் கையை மெல்ல விலக்கிவிட்டு வாசலுக்குப் போனார். "முருகேசா, வா இப்டி. உங்கப்பன் ஜாடை உனுக்குத்தான். தலைய கொஞ்சம் தூக்கு" என்றார். முதல் படத்தை எடுத்தார்.

அப்புறம் ஒவ்வொருவராக வந்து நீலத் துணி முன்னால் உட்கார்ந்தார்கள். சிலர் ஓடிப்போய் நல்ல சேலை மாற்றிக்கொண்டு வந்தார்கள். எல்லோரையும் எடுத்து முடித்ததும் கேமராவை வீடியோவுக்கு மாற்றி ஊருக்குள் நடந்தார். வீட்டு வீட்டு வாசலில் நின்று அவரவர் பேரைச் சொல்லச் சொன்னார். ஆட்டை, மாட்டை, களத்தை, குழாயடியைக்கூட விடவில்லை. நானும் பாயும் பின்னாலேயே நடந்தோம். வேறு என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் கார்டு நிரம்பிவிட்டது என்று கேமரா காட்டி நின்றது. அண்ணன் அந்தத் திரையை என் பக்கம் திருப்பினார்.

"இப்ப?" என்றார்.

"போச்சுண்ணே" என்றேன்.